மூன்றாவது புள்ளி

வால்மீன் என்றதும் நம் மனக்கண்ணில் எழுவது வானத்தில் நீண்டு கிடக்கும் ஒளி வால். ஆனால் ஒரு புதிய வால்மீனை முதன்முதலில் காண்பவருக்கு அந்த வால் பெரும்பாலும் தென்படுவதே இல்லை. கூர்மையாக மின்னும் விண்மீன்களுக்கு நடுவே, விளிம்பு கரைந்த ஒரு சிறு வெண்திட்டு மட்டும் தெரியும். அப்படிப்பட்ட திட்டுகள் வானில் ஏராளம். விண்மீன் கொத்துகள், வாயு மேகங்கள், எண்ணிப்பார்க்க முடியாத தொலைவில் இருக்கும் அண்டங்கள் எல்லாமே சிறிய தொலைநோக்கியில் அதே முகத்தைத்தான் காட்டும். 18-ஆம் நூற்றாண்டில் பாரிஸிலிருந்து வால்மீன்களைத் தேடிய சார்ல் மெசியே, தேடுபவர்களை ஏமாற்றும் இந்தத் திட்டுகளையெல்லாம் தொகுத்தே ஒரு பட்டியல் போட்டார். 1781-இல் வெளியான அந்தப் பட்டியலில் 103 பொருள்கள் இருந்தன. இன்றும் வானியலாளர்கள் அவற்றை அவர் கொடுத்த எண்களாலேயே அழைக்கிறார்கள்.

அப்படியானால் எது வால்மீன்? நகர்வது எதுவோ அதுதான். பின்னணி விண்மீன்கள் தம் இடத்திலேயே நிற்க, அந்தத் திட்டு மட்டும் மெல்ல இடம் மாறினால், அது நம் சூரியனின் ஆட்சிக்குள் திரியும் பொருள் என்று புரிந்துகொள்ளலாம். இதை ஒரே பார்வையில் அறிய வழியில்லை. காத்திருக்க வேண்டும். மறுபடி பார்க்க வேண்டும். முதல் பார்வை ஒரு கேள்வியை மட்டுமே தருகிறது என்ற அடக்கம், வால்மீன் தேடுபவர்களுக்கு வானம் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம்.

1995 ஜூலை 22 இரவு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆலன் ஹேல் என்ற வானியலாளர் தன் வீட்டு வாசலில் தொலைநோக்கியை வைத்திருந்தார். அதற்கு முன் பல நூறு மணி நேரம் புதிய வால்மீன்களைத் தேடியும் ஒன்றும் அகப்படாதவர் அவர். அன்று அவர் தேடவும் இல்லை. ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு வால்மீனைப் பார்த்து முடித்துவிட்டு, இன்னொன்று எழும்பும்வரை பொழுதுபோக்காகத் தனுசு மண்டலத்தில் உள்ள எம்70 என்ற விண்மீன் கொத்தை நோக்கினார். பக்கத்தில் முன்பு கண்டிராத ஒரு மங்கிய திட்டு இருந்தது. அதே இரவில் பக்கத்து மாநிலமான அரிசோனாவின் பாலைவனத்தில் தாமஸ் பாப் என்பவர் நண்பர்களோடு வானம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சொந்தத் தொலைநோக்கி கிடையாது. நண்பரின் கருவியில் கண்வைத்தபோது, அதே எம்70-இன் அருகே, அதே திட்டு அவர் கண்ணிலும் பட்டது.

இருவரும் அடுத்துச் செய்த காரியத்தில்தான் என் மனம் நிற்கிறது. இருவருமே முதலில் தங்களைத் தாங்களே சந்தேகித்தார்கள். வரைபடங்களில் அந்த இடத்தில் ஏதாவது குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தார்கள். அது நகர்கிறதா என்று காத்திருந்து கவனித்தார்கள். நகர்ந்தது. உடனே, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் இருந்த வானியல் தந்திகளுக்கான மைய அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். ஹேல் மின்னஞ்சலில், பாப் தந்தியில். அதன் பிறகு வேறு நாடுகளில் வேறு கருவிகள் அதே இடத்தை நோக்கித் திரும்பின. பல கண்கள் ஒப்புக்கொண்ட பின்புதான் ஹேல்-பாப் என்ற பெயர் பிறந்தது. அப்போது அது சூரியனிலிருந்து, பூமி இருக்கும் தூரத்தைப்போல் ஏழு மடங்குத் தொலைவில், வியாழனுக்கும் அப்பால் இருந்தது. 1997-இன் மார்ச், ஏப்ரல் மாலைகளில் நம் ஊர்களின் மொட்டை மாடிகளிலிருந்து வடமேற்கு வானில் வெறுங்கண்ணால் பார்த்தோமே, அதே வால்மீன்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. கண்டுபிடிப்புக்குப் பிறகு பழைய புகைப்படங்களைப் புரட்டியபோது, 1993-இல் ஆஸ்திரேலியாவில் எடுத்த ஒரு படத்தில் அதே வால்மீன் ஏற்கெனவே பதிந்திருந்தது தெரிந்தது. ஒளி வந்து சேர்ந்திருக்கிறது, படமும் எடுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் கவனித்தவர் யாருமில்லை. எனவே இரண்டு ஆண்டுகள் அது அறியப்படாமலே கிடந்தது.

தான் கண்டதைப் பிறரிடம் சேர்க்கும் தவிப்பு இந்தத் துறையில் பழையது. இங்கிலாந்தில் 1786 ஆகஸ்ட் 1 அன்று தன் முதல் வால்மீனைக் கண்ட கரோலின் ஹெர்ஷல், மறுநாளே லண்டனில் இருந்த வானியல் அன்பர்களுக்குக் கடிதம் எழுதினார். 1797-இல் தன் கடைசி வால்மீனைக் கண்டபோது கடிதத்தின் வேகம்கூட அவருக்குப் போதவில்லை. சிறிதே தூங்கியெழுந்து, குதிரையேறி, கிரீனிச் வானாய்வகத்துக்கே போய் அரச வானியலாளரிடம் நேரில் சொன்னார். புகழை முந்திப் பிடிக்கும் ஆசை என்று இதைச் சுருக்கிவிட எனக்கு மனமில்லை. வால்மீன் யாருக்காகவும் நிற்பதில்லை. அடுத்த இரவு மேகம் மூடலாம், நிலவொளி விழுங்கலாம், சூரியனின் பிரகாசத்துக்குள் அது மறைந்துபோகலாம். தன் ஒரு ஜோடிக் கண்ணை மட்டும் நம்பி உலகம் அதை இழந்துவிடக் கூடாது என்ற பதைப்பு அந்தக் குதிரைப் பயணத்தில் இருக்கிறது.

ஏன் இவ்வளவு அவசரம்? கணிதம் அதற்குத் தெளிவான பதில் தருகிறது. சூரியனைச் சுற்றும் ஒரு பொருளின் பாதையை வரையறுக்க ஆறு எண்கள் வேண்டும். பாதை எவ்வளவு பெரியது, எவ்வளவு நீண்டு ஒடுங்கியது, எந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பாதையில் பொருள் எப்போது எங்கே இருக்கும் என்பதையெல்லாம் அந்த ஆறும் சேர்ந்து சொல்லும். பூமியிலிருந்து ஒருமுறை பார்த்தால் கிடைப்பவை இரண்டே எண்கள்: வானத்தில் கிழக்கு மேற்காக எங்கே, வடக்கு தெற்காக எங்கே. தூரம் தெரியாது. எனவே மூன்று வெவ்வேறு நேரங்களில் மூன்று பார்வைகள் கிடைத்தால்தான் ஆறு எண்கள் கைக்கு வரும். தெருவில் போகும் ஒருவரைச் சன்னல் வழியே ஒருமுறை பார்த்தால் அவர் எங்கே நிற்கிறார் என்று சொல்லலாம். இருமுறை பார்த்தால் எந்தப் பக்கம் போகிறார் என்று சொல்லலாம். நேரே போகிறாரா, திரும்புகிறாரா என்று சொல்ல மூன்றாவது பார்வை வேண்டும். வால்மீனின் பாதை ஒரு வளைவு. அந்த வளைவை முதலில் காட்டிக்கொடுப்பது மூன்றாவது புள்ளி. ஜெர்மனியின் பிரேமன் நகரில் பகலில் மருத்துவமும் இரவில் வானியலும் பார்த்த ஓல்பர்ஸ், மூன்று பார்வைகளிலிருந்து வால்மீனின் பாதையைக் கணக்கிடும் எளிய முறையை 1797-இல் வெளியிட்டார். பல தலைமுறைகளுக்கு அதுவே கைவழிகாட்டியாக இருந்தது.

இந்த மூன்றாவது புள்ளி கிடைக்காமல் போன கதை ஒன்று நம் சென்னையில் நடந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரே சமயத்தில் வருத்தமும் பெருமிதமும் உண்டாகும்.

1826-இல் ஆஸ்திரியப் படை அதிகாரியான பியேலா கண்ட ஒரு வால்மீன், ஏறக்குறைய ஆறே முக்கால் ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருவது என்று தெரிந்தது. 1846-இல் அது திரும்பியபோது, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் கண் முன்னே இரண்டாகப் பிரிந்து நின்றது. 1852-இல் இரு துண்டுகளும் விலகி விலகி வந்தன. அதன் பிறகு அதைக் காணவில்லை. 1872 நவம்பர் 27 இரவு, பூமி அந்த வால்மீனின் பழைய பாதையைக் கடந்தபோது, ஐரோப்பிய வானத்தில் எரிகற்கள் மழையாகப் பொழிந்தன. சிதைந்த வால்மீனின் துகள்கள்தான் எரிந்து விழுகின்றன என்று ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர வானியலாளர் கிளிங்கர்ஃபூஸ் ஊகித்தார். வால்மீன் பூமியை உரசிச் சென்றிருந்தால், அது இப்போது தென்வானில் சென்டாரஸ் மண்டலத்தின் பக்கம் இருக்க வேண்டும். கோட்டிங்கனிலிருந்து அந்தத் திசை அடிவானத்தை ஒட்டிக் கிடக்கும், பார்க்க இயலாது. பார்க்கக் கூடிய இடம் எது? சென்னை.

நுங்கம்பாக்கத்தில் அப்போது மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1792-இல் கட்டப்பட்டது. அதன் பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழும் சேர்ந்த பல மொழிக் கல்வெட்டுகளோடு, இன்றும் அங்கே வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. 1861 முதல் அதன் பொறுப்பில் இருந்தவர் நார்மன் போக்சன். விண்மீன்களின் பிரகாசத்தை அளக்க உலகம் இன்றும் பயன்படுத்தும் அளவுகோலை 1856-இல் வகுத்தவர். அவரிடம் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் அங்கிருந்தே ஒரு மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். கூர்ந்து பார்ப்பதும் பார்த்ததைப் பிசகாமல் எழுதுவதும் பழக்கமாகிப்போன இடம் அது.

நவம்பர் 30 அன்று போக்சன் கையில் கிளிங்கர்ஃபூஸின் தந்தி ஒன்று கிடைத்தது. பியேலா 27-ஆம் தேதி பூமியைத் தொட்டது, சென்டாரஸ் மண்டலத்தில் இன்ன விண்மீனுக்கு அருகே தேடுங்கள் என்பது அதன் சாரம். ரஷ்யா வழியாக வந்த அந்தச் செய்தி இரண்டு மணி நேரத்துக்குள் சென்னையை அடைந்திருந்தது. முகம் பார்த்தறியாத ஒருவர், தன் கண்ணுக்கு எட்டாததை இன்னொருவரின் கண்ணை நம்பி ஒப்படைத்த செயல் அது.

ஆனால் அது வடகிழக்குப் பருவமழையின் காலம். சென்னையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த வாரங்களில் வானம் யாருடைய வேண்டுதலுக்கும் செவிசாய்ப்பதில்லை. முதல் இரண்டு விடியல்களும் மேகத்திலும் மழையிலும் போயின. மூன்றாம் விடியலில், கீழ்வானம் வெளுக்கத் தொடங்கும் முன் மேகத்தில் சிறு நீல இடைவெளி திறந்தது. அதற்குள் போக்சன் வால்மீன் ஒன்றைக் கண்டார். வட்டமாக, பிரகாசமாக, தெளிவான கருவோடு, வால் இல்லாமல் இருந்தது. பக்கத்தில் இருந்த பெயரற்ற ஒரு விண்மீனோடு ஒப்பிட்டு நான்கே நான்கு அளவீடுகள் எடுக்க முடிந்தது. அந்தச் சில நிமிடங்களிலேயே அது நகர்ந்திருந்தது. மறுநாள் விடியலில் மீண்டும் கிடைத்தது. இம்முறை கூடுதலான அளவீடுகள், மங்கினாலும் ஐயமின்றித் தெரிந்த ஒரு சிறு வால். பியேலாவின் இன்னொரு துண்டைத் தேட நேரமில்லை என்றும் அவர் குறித்தார். அதற்கடுத்த விடியலில் மேகமும் மழையும் திரும்பி வந்துவிட்டன. அந்த வால்மீனை அதன் பிறகு அவரும் பார்க்கவில்லை, வேறு யாரும் பார்த்ததாகப் பதிவில்லை.

இரண்டு விடியல்கள், இரண்டு புள்ளிகள். மூன்றாவது கிடைக்காததால் பாதையைக் கணக்கிட முடியவில்லை. பியேலாவைக் கண்டுவிட்டோம் என்றே போக்சன் நம்பினார். ஆனால் பின்னர் கணக்கிட்டவர்கள், அந்த இரண்டு இடங்களும் பியேலாவின் எந்தத் துண்டோடும் பொருந்தவில்லை என்று கண்டார்கள். அப்படியானால் அவர் கண்டது, தேடிப்போன பழையதாக இல்லாமல், முற்றிலும் புதிய ஒரு வால்மீனாக இருக்க வேண்டும். பாதை தெரியாத வால்மீன்களுக்கு வானியல் பட்டியலில் 'எக்ஸ்' என்ற எழுத்தை முன்னால் இடுவார்கள். போக்சனின் வால்மீன் இன்றும் அந்த எழுத்தோடு அங்கே இருக்கிறது.

முதல் எண்ணத்தில் இது ஒரு தோல்விக் கதை. இன்னொரு விடியல் மட்டும் தெளிந்திருந்தால் என்ற ஏக்கம் எழாமல் இராது. ஆனால் சற்றே நின்று நினைத்தால், இதற்குள் ஒரு பெரிய வெற்றி இருப்பது தெரிகிறது. போக்சனின் நம்பிக்கை பொய்த்தது, அவருடைய பதிவு பொய்க்கவில்லை. இன்ன நேரத்தில், இன்ன விண்மீனிலிருந்து, இவ்வளவு தூரத்தில், இப்படிப்பட்ட ஒன்றைக் கண்டேன் என்று அவர் எழுதிய எண்கள், அவர் விரும்பிய விடைக்கேற்ப வளைக்கப்படாதவை. அதனால்தான் அந்த எண்களை வைத்தே பிற்காலத்தவர் அவருடைய முடிவைத் திருத்த முடிந்தது. பியேலாவின் எதிர்பார்த்த இடத்துக்கு அளவீட்டை ஒரு மயிரிழை நகர்த்தி எழுதியிருந்தால், அன்றைக்குப் பாராட்டுக் கிடைத்திருக்கும், ஒரு பொய் நிலைத்திருக்கும், ஒரு புதிய வால்மீன் சுவடின்றி அழிந்திருக்கும். தன்னையே மறுக்கக்கூடிய சாட்சியத்தைத் தன் கையாலேயே எழுதிவைத்தவர் அவர். நேர்மைக்கு இதைவிடக் கடினமான வடிவம் எனக்குத் தெரியவில்லை.

கண்டதையும் கருதியதையும் பிரித்து வைப்பது எவ்வளவு அரிது என்பதற்கு இன்னொரு வால்மீன் சாட்சி. 1973 மார்ச்சில் ஹாம்பர்க் வானாய்வகத்தில் லுபோஷ் கோஹூடெக் ஒரு வால்மீனைக் கண்டார். வியாழனின் தொலைவை ஒட்டி இருக்கும்போதே அது கண்ணில் பட்டதால், சூரியனை நெருங்கும்போது எப்படி ஜொலிக்கும் என்ற கணிப்புகள் பறந்தன. நூற்றாண்டின் வால்மீன் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த டிசம்பர் இறுதியில் அது சூரியனைச் சுற்றியபோது, அறிந்து தேடியவர்களுக்கு மட்டுமே தென்பட்டது. அது எங்கே இருக்கும், எப்போது வரும் என்ற கணக்கு பிசகவில்லை. எவ்வளவு பிரகாசிக்கும் என்ற ஆசைதான் பிசகியது. சூரியனை முதன்முறையாக நெருங்கும் வால்மீனின் மேற்பரப்பில், எளிதில் ஆவியாகும் உறைபனிகள் இருக்கும். தொலைவிலேயே அவை கொதித்தெழுந்து ஒளி கூட்டும், பிறகு ஓய்ந்துவிடும். அந்த ஆரம்ப ஒளியை அப்படியே நீட்டி எதிர்காலமாக வரைந்தார்கள். வால்மீன் யாரையும் ஏமாற்றவில்லை. விண்வெளியில் ஸ்கைலேப் நிலையத்தில் இருந்த வீரர்கள் அதைப் பொறுமையாகக் கவனித்தார்கள், அறிவியல் அதனிடமிருந்து நிறையக் கற்றது. ஏமாந்தது, கண்டதற்கு மேல் கேட்ட மனம்.

இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் இயந்திரக் கண்கள் செய்கின்றன. 2025 ஜூலை 1 அன்று சிலியில் உள்ள அட்லாஸ் தொலைநோக்கி, நகரும் ஒரு புள்ளியைப் பிடித்தது. உடனே வேறு வேறு தொலைநோக்கிகள் தம் அளவீடுகளை அனுப்பின. ஜூன் மாதத்துப் படங்களில் அது ஏற்கெனவே பதிந்திருந்ததையும் தேடியெடுத்துச் சேர்த்தார்கள். அடுத்த நாளே தெளிவாகிவிட்டது: அந்தப் பாதை மூடிய வளையமாக இல்லை, சூரியனால் கட்டிவைக்க முடியாத அளவுக்கு விரிந்து திறந்திருந்தது. வேறொரு விண்மீனின் வீட்டிலிருந்து வந்து, நம்மைக் கடந்துபோகும் விருந்தாளி அது. அப்படி அறியப்பட்ட மூன்றாவது பொருளாதலால் 3ஐ/அட்லாஸ் என்று பெயரிட்டார்கள். கருவிகள் மாறியிருக்கின்றன, வேகம் மாறியிருக்கிறது, வழி மாறவில்லை. ஒருவர் கண்டதைப் பலர் வாங்கிப் பார்த்து, திருத்தி, நீட்டித் தருகிறார்கள். 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்த வைணு பாப்பு ஒரு புகைப்படத் தகட்டில் கண்ட வால்மீனும், ஆசிரியர் பாக், உடன் பயின்ற நியூகர்க் ஆகியோரின் பெயர்களையும் சேர்த்தே தாங்குகிறது. பின்னாளில் ஜவ்வாது மலையின் காவலூரில் வானாய்வகம் உருவாகக் காரணமாக இருந்தவர் அவர்தான்.

இவற்றையெல்லாம் சேர்த்து நினைக்கையில் எனக்கு ஒன்று தெளிவாகிறது. நாம் ஒவ்வொருவரும் வாழ்க்கையை ஒரு சில கணங்களில், ஒரே ஒரு கோணத்திலிருந்து பார்க்கிறோம். ஒரு மனிதரை ஒருநாள் பார்த்துவிட்டு அவருடைய மொத்தப் பாதையையும் வரைந்துவிடுகிறோம். ஒரு செய்தியை ஒருமுறை கேட்டுவிட்டு அதன் முடிவுவரை சொல்லிவிடுகிறோம். நமக்குக் கிடைத்தது ஒரு புள்ளி, மீதி நம் விருப்பமும் அச்சமும் போட்ட கோடு. அந்தக் கோட்டைக் காக்கத்தான் பிறகு சண்டையிடுகிறோம். புள்ளியை யாரும் மறுக்கவில்லை என்பதுகூட நமக்கு மறந்துபோகிறது.

முழுமையாகத் தெரிந்த பிறகுதான் பேசுவேன் என்று காத்திருப்பதும் இதற்கு மாற்று ஆகாது. போக்சன் மூன்றாவது விடியலுக்காகத் தன் இரண்டு புள்ளிகளைப் பூட்டி வைத்திருந்தால், நமக்கு இன்று அந்த வால்மீன் இருந்ததே தெரியாது. குறைவாகக் கண்டதில் குற்றமில்லை. கண்ட அளவைக் குறைவு என்றே சொல்லி ஒப்படைப்பதற்குத்தான் துணிவு வேண்டும். எனக்கு இவ்வளவுதான் கிடைத்தது, இதற்கு மேல் நீங்கள் பாருங்கள் என்று சொல்லத் தெரிந்தவரால்தான் அறிவு ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கடக்கிறது.

உண்மையை முழுதாகச் சொந்தம் கொண்டாடியவர் எவரும் இல்லை. பெரியவர்கள் எனப் போற்றப்படுபவர்களும் அதன் ஒன்றிரண்டு புள்ளிகளைத் தொட்டவர்களே. தொட்டதைப் பிசகாமல் எழுதி, தொடாததை வெற்றிடமாகவே விட்டுவைத்ததில் இருக்கிறது அவர்களின் பெருமை. அந்த வெற்றிடத்தைப் பொய்யால் நிரப்பாமல் விட்டால், அங்கே இன்னொருவரின் கண்ணுக்கு இடம் இருக்கும். நமக்குப் பின் வருபவர் நம்மைத் திருத்தக்கூடிய அளவுக்கு நாம் உண்மையாக இருந்தோம் என்றால், நம் முடிவுகள் பொய்த்தாலும் நம் வாழ்வு பொய்க்காது.